கொடையாளர் தொங்கிய மதியம்

அவனை நாங்கள் எல்லோரும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிட வேண்டும். அது அந்தத் தையல்கூடத்தின் சட்டம். வேலை தருகிறேன் என்று அழைத்துப்போய் என்னையும் தங்கையையும் அங்கேதான் பூட்டி வைத்தான். போலீஸ் கதவை உடைப்பதற்கு முன்பே தங்கையை வேறெங்கோ விற்றிருந்தான். வழக்கில் அவன் சிக்கவில்லை. அவன் பெயரைக் கேட்டார்கள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கித் துடைக்கிறேன். என்னை வளர்த்த விடுதி, எங்களைப்போல் மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக நிதி திரட்டியது. நன்கொடை தருபவர்கள் மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் இறங்கலாம். கயிறு எங்கள் குழுவினுடையது. தலைக்கவசத்தில் மைக்கும் வாக்கிடாக்கியும் இருக்கும். அவர்கள் அலறுவதும் மேலிருந்து நாங்கள் பேசுவதும் கீழே ஒலிபெருக்கியில் கேட்கும், கூட்டம் சிரிக்கும்.

மதியம் லிஃப்டிலிருந்து அவன் வெளியே வந்தான். பெரிய கொடையாளர் என்று மாலை போட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் முகமூடியும் அணிந்திருந்த என்னை அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு அவன் நடையே போதுமாக இருந்தது.

“இவரை நான் இறக்கறேன்.”

என் கயிற்று ஜோடி குண்டன் ஒதுங்கிக்கொண்டான். ஊசிபோல இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர் ‘கயிறு யார் கையில?’ என்று கேட்க வேண்டும். பிடித்திருப்பவர் தன்னை யாரென்று சொல்ல வேண்டும். பிறகுதான் கால் விளிம்பைத் தாண்டலாம்.

“அதெல்லாம் எதுக்கும்மா? போட்டோக்காரன் காத்துக்கிட்டிருக்கான். இறக்கு, இறக்கு.”

இறக்கினேன். பாதிச் சுவர் இறங்கியதும் கயிற்றுப் பூட்டைப் போட்டு நிறுத்தினேன். கிளையில் மாட்டிய பட்டம்போல ஆடினான்.

“என்னம்மா, நின்னு போச்சு?”

“கேக்க வேண்டியதைக் கேக்கலையே,” என்றேன் வாக்கிடாக்கியில்.

“சரிம்மா, கயிறு யார் கையில?”

“உங்க பொண்ணு கையில, அப்பா.”

கீழே கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் அவன் மனைவியோடு உட்கார்ந்திருந்த மகள் எழுந்து கையசைத்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

“எந்தப் பொண்ணு?”

ஒலிபெருக்கி அதைத் தெருமுனைவரை கொண்டுபோனது. சிரிப்பு அடங்கியது.

“தையல்கூடத்துப் பொண்ணு. என் தங்கச்சி எங்க?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது! யாரு நீ?”

பூட்டைச் சற்றே தளர்த்தினேன். ஒரு முழம் விழுந்து நின்றான். அவன் போட்ட சத்தத்தில் புறாக்கள் கலைந்தன. முழுதாகத் திறந்துவிட என் விரல்கள் துடித்தன. ஆனால் செத்தவன் முகவரி சொல்ல மாட்டான்.

“ஏய், என்ன பண்றே?” என்றான் குண்டன்.

“நலம் விசாரிக்கறேன்.”

“சொல்லிடறேன்!” ஒலிபெருக்கி கரகரத்தது. “பாலம் தாண்டி சாயப்பட்டறை... பின்னாடி ஷெட்டு... அங்கதான் இருக்கா. இறக்கும்மா, உன் கால்ல விழறேன்!”

“என் கால் மேல இருக்கு. நீங்க கீழதான் விழ முடியும்.”

கீழே விடுதி வார்டன் வேனை நோக்கி ஓடினார், காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் அவர் பின்னால். அவன் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள். அவன் அவளைக் கூப்பிட்டான், அவள் திரும்பவில்லை. மிச்சமிருந்த ஒரு போலீஸ்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார். இறக்கு என்று அவரும் சொல்லவில்லை.

“அதான் கக்கிட்டானே, இறக்கிடலாமா?” என்றான் குண்டன்.

“பொய்யா இருந்தா?”

யோசித்தான். பிறகு கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்தான். “எனக்கும் வீட்ல ஒண்ணும் அவசரமில்ல.”

வெயில் கண்ணாடிச் சுவரில் மெல்ல நகர்ந்து தொங்கியவன் முதுகுக்கு வந்தது. தண்ணீர் கேட்டான். எதிரொலி மட்டும் வந்தது.

போன் அடித்தது. வார்டன் அழுதுகொண்டிருந்தார். “கிடைச்சுட்டாம்மா. இந்தா, பேசு.”

முதலில் மூச்சு. பிறகு, “அக்கா?”

எனக்குத் தெரியாமல் வளர்ந்துவிட்ட குரல்.

“நேரா இங்க வாடி,” என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை.

குண்டன் பூட்டில் கை வைத்தான். “இப்ப இறக்கலாம்ல?”

“அவ வரட்டும். ஒரு தடவை அண்ணாந்து பாக்கட்டும்.”