குதிகாலில் ஆணி

தம்பிக்கு மனச்சிதைவு வந்து ஒன்பது வருடம். காதில் கேட்ட குரல்களை மாத்திரை அடக்கியது. எழுந்து பல் தேய்க்கத் தோன்றும் மனசை எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. நாலு நாளாகப் படுத்த படுக்கைதான்.

சலவைக்கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எருமை மாடு, எழுந்திருடா!" என்று போர்வையை உருவினாள். குதிகால் வீங்கிப் புடைத்திருந்தது. நடுவில் துருப்பிடித்த ஆணி.

"ஐயோ, வலிக்கலையாடா?"

"வலிச்சுதுக்கா."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொல்லணும்னு தோணல."

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்த டாக்டர், "நீங்க ஏம்மா நொண்டுறீங்க?" என்றார்.

"முழங்கால் வலி சார். ஒரு வருஷமா இருக்கு."

தம்பி தலையை நிமிர்த்தினான்.

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னக்கா கேடு?"