எதிராளியாக நின்ற பிள்ளை

மாணவி ஒருத்தியின் அப்பா மகளோடு ஆபீஸ் ரூமில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றதும், மார்க்கப் பாடம் சொல்லித்தரும் ஆலிமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேட்கவே வேண்டாம், நேற்றைய பாடம்தான். கேள்வியையும் பதிலையும் மனப்பாடம் செய்து ஒப்பித்துக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளிடம், அந்தக் கால அறிஞர்கள் வாதாடிய முறையைக் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று கிளம்பியவள் அவள்தானே. பழைய நூல்களில் நூலாசிரியரே முதலில் எதிராளியாக மாறி, எதிராளியே அசந்துபோகிற மாதிரி அவன் கேள்வியை எழுப்புவார். அதற்குப் பிறகுதான் தன் பதிலைச் சொல்வார். நிர்வாகக் குழு அரை மனதோடுதான் இதற்குத் தலையாட்டியது. பெற்றோரிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

நேற்று வகுப்பில் எதிராளியாக நின்றது, இப்போது வந்திருப்பவரின் மகள். அதிர்ந்து பேசாத பிள்ளை. எல்லாவற்றையும் அல்லாஹ் முன்பே எழுதிவிட்டான் என்றால் அவனிடம் கையேந்தி துஆ கேட்பது எதற்கு, எழுதியது கேட்காமலே நடக்கும், எழுதாதது கேட்டாலும் நடக்காது என்று அது அடுக்கிய அடுக்கில் வகுப்பே அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆலிமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெல் அடித்ததும், பதில் நாளைக்கு, அதுவரை யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். யோசிக்கட்டுமாம்! பால்மணம் மாறாத பிள்ளைகள்.

பிள்ளையின் அப்பா பஸ் டிரைவர். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே வந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து கதவைச் சாத்தினார். வழியெல்லாம் சேர்த்துவைத்த சமாதானத்தை அவள் தொடங்குமுன் அவரே பேசினார்.

"சண்டை போட வரல, ஆலிமா. இவ அம்மாவுக்கு இன்னைக்கு மத்தியானம் ஆபரேஷன். நேத்துலேர்ந்து இவ துஆ கேக்க மாட்டேங்குறா. ஏம்மான்னு கேட்டா, உங்க வகுப்புல கேட்டதையே என்கிட்டயும் கேக்குறா. நான் என்னத்த சொல்ல?"

வேலை போய்விடும் என்ற பயம் போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாய்ந்து வரும் அம்பு எழுதப்பட்டது என்றால், அதைத் தடுக்கும் கேடயமும் எழுதப்பட்டதுதான். விளைச்சலை எழுதிய அல்லாஹ் தண்ணீரையும் சேர்த்துத்தான் எழுதினான். துஆவும் அப்படித்தான். எத்தனையோ முறை படித்த பதிலைத் திக்கித் திணறிச் சொல்லிமுடித்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டியாம்மா என்றார்.

பிள்ளை முழுவதும் கேட்டது. அதன் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது.

"அப்ப நான் கேக்காம இருந்தேனே," என்றது. "அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என்னாலயா?"

அவர் ஆலிமாவைப் பார்த்தார். ஆலிமா பிள்ளையின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து அதன் கைகளைப் பிடித்தாள். இரண்டும் ஜில்லென்று, விரல்கள் மடங்கி இறுகிக் கிடந்தன. பிரிக்கவும் பயமாக இருந்தது, விடவும் பயமாக இருந்தது.