நாற்பத்தேழுக்குச் சாப்பாடு

புதன்கிழமை வந்தால் முதல் வேலை நாற்பத்தேழுக்குச் சாப்பாடு போடுவது. பழைய தட்டிலிருந்து கம்பி முனையில் துளி எடுத்துப் புதுத் தட்டில் தேய்த்து, முப்பத்தேழு டிகிரிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த நாற்பத்தேழாம் எண் கிருமி. எந்த மருந்துக்கும் மசியாதது. சீட்டில் நோயாளியின் பெயர் இருக்காது. தேதியும் வார்டும் இருந்தன. என் வீட்டுக்காரரின் கால் புண்ணிலிருந்து எடுத்தது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்துக்கும் தெரியும். கடைசி நாட்களில் அவருக்கு ஒரு வாய் ஊட்டக்கூட என்னை உள்ளே விடவில்லை. இதற்கு ஐந்து மாதமாக ஒரு வாரம் தவறாமல் போடுகிறேன்.

கடலடியில் ஊர்ந்து திரியும் கடல் அட்டையின் வழவழப்பான தோலில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒன்றையொன்று விரட்ட அவை எதையோ சுரக்கின்றன. அதில் மருந்து தேறுமா என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு. அப்படி எடுத்த அறுநூறு சாறுகளைப் பார்த்தாயிற்று. நாற்பத்தேழு எதற்கும் அசரவில்லை.

நேற்று கடைசிச் சாற்றை வைத்தபோது மேடம் சொன்னார்: "இதுவும் கைய விரிச்சிட்டா நாப்பத்தேழ அழிச்சிடலாம்மா. உனக்கும் நிம்மதி."

"சரி மேடம்" என்றேன். வெறுக்கத்தான் பார்க்கிறேன், ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. என் வீட்டுக்காரர் உடம்பிலிருந்து இந்த உலகத்தில் உயிரோடு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, சாப்ட்டீங்களா?"

"ஆச்சும்மா." சாப்பிடவில்லை.

பெட்டியைத் திறந்து நேற்றைய தட்டை எடுத்தேன். சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி வட்டமாகக் கிருமியே இல்லை. ஸ்கேலை வைத்தேன். இருபத்தொரு மில்லிமீட்டர்.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "திரும்ப அள."

"மூணு தடவ அளந்துட்டேன் மேடம்."

தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இனிமேதான் வேலயே இருக்கு. நாப்பத்தேழு நெறைய வேணும். இருபது தட்டு போட்டுடு. முடியலன்னா வேற ஆள வச்சுக்கலாம்."

"நானே போடறேன்."

மேடம் அறைக்குத் திரும்பியபின் தட்டை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தேன். எங்கும் சாம்பல் படலம். அந்த வட்டம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அதன் வழியாகக் கீழே வண்டி நிறுத்துமிடமும், முன்பெல்லாம் சாயங்காலமானால் எனக்காக என் வீட்டுக்காரர் சாய்ந்து நிற்கும் தூணும் தெரிந்தன.