பன்னிரண்டாம் கதவின் துவாக்

கல்யாணத்தன்று காலையில் பதினோரு கதவுகளிலும் போட்டிருந்த துவாக், எங்கள் அரிசிக் கள், ஒரேயடியாகப் புளித்துப்போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் நான் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டெல்லாம் சிரிக்கவில்லை. எங்கள் நெடுவீட்டில் ஒரே கூரையின் கீழ் குடும்பத்துக்கு ஒரு கதவு, நடுவே வெறும் பலகைதான். அடுத்த கதவுக்காரிக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

"மெதுவாடி, ஊரே அழுதுக்கிட்டிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அழட்டும். எட்டு வருஷமா நான் அழுதப்ப யாராவது மெதுவா சிரிச்சாங்களா?"

நடந்தது இதுதான். செனாவிக்குக் கல்யாணம். ஆறு படகு நிறைய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். செனாவியின் அம்மாவுக்கு ஒரு ஆசை: எந்தக் கதவில் குடித்தாலும் துவாக் ஒரே ருசியாக இருக்க வேண்டுமாம், வந்தவர்கள் வாயைப் பிளக்க வேண்டுமாம். அதனால் வழக்கம்போல அவரவர் வீட்டு ஈஸ்ட் உருண்டையை யாரும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பஜாரிலிருந்து ஒரு கூடை வாங்கிவந்து கதவு கதவாகப் பங்கு வைத்தாள். எத்தனை மாதம் ஈரத்தில் கிடந்த சரக்கோ, யாரும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதினோராவது கதவோடு அவள் திரும்பிவிட்டாள். பன்னிரண்டாவது என்னுடையது.

நான் இஞ்சியும் மிளகும் இடித்து, அரிசி மாவில் பிசைந்து, என் உருண்டையை நானே பிடித்துக் காயவைத்தேன். ஒட்டரிசியை வேகவைத்து, ஆறவிட்டு, தூவி, எட்டு ஜாடி போட்டேன். குடிக்க ஆளில்லாத எட்டு ஜாடி. ஏன் போட்டாய் என்று கேட்டால், வீம்புக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் போட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் லுலோங்குக்குக் கல்யாணம். ஊற்றுகிறவள் முதலில் குடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு வாய் போதும். நான் ஒரு கோப்பை முழுக்கவே குடித்தேன், அவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு. அடுத்த கோப்பையைச் செனாவியம்மாவிடம் கொடுத்தேன். அவள் உதட்டில் வைத்தாள், பாயில் இறக்கினாள்.

"நாக்கு நுனியில என்னமோ கசக்குதே" என்றாள்.

அவ்வளவுதான். கோப்பையில் விஷ மருந்து வைக்கிறவள் என்று அவள் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நெடுவீட்டுத் தலைவர் முன்னால் நிறுத்திக் கேட்டிருப்பேன்; அவள் கெட்டிக்காரி. மாப்பிள்ளையின் அத்தை ரபாய் என்னைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், எழுந்துவிட்டாள். மூங்கிலில் சுட்ட கோழியைத் திறந்துகூடப் பார்க்காமல் படகேறினார்கள். ஆறு ஜாடித் துவாக்கையும் நானே ஆற்றில் கொட்டினேன்.

லுலோங்குக்குப் பேசியிருந்த அந்தப் பையனைத் தன் மகளுக்குக் கேட்க நினைத்திருந்தாள் செனாவியம்மா. அது ஊருக்கே தெரியும். அவனோ புருணைக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். இப்போது வருகிற மாப்பிள்ளை அவனுடைய தம்பி. அண்ணன் கிடைக்காவிட்டால் தம்பி, விடுவாளா?

ஒரு மாதத்தில் லுலோங் மிரிப் பட்டணத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவேயில்லை. என் கதவுக்கு மருந்துக்காரி கதவு என்று பேராயிற்று. திருவிழாவுக்கு வருகிறவர்கள் கதவுக்குக் கதவு நின்று குடித்துவிட்டு, என் வாசல் வந்ததும் நடையைக் கூட்டுவார்கள்.

அன்று காலை முதலில் வந்தது செனாவியின் அப்பா. பாவம், நல்ல மனுஷன்.

"லுலோங்கம்மா, உன் ஜாடியெல்லாம் நல்லாருக்குன்னு..."

"யார் சொன்னா? யாரும் குடிச்சதில்லையே."

அவர் பின்னாலேயே தலைவர் வந்தார். நான் வேண்டுமென்றே ஒரு ஜாடியின் வாயைத் திறந்தேன். வாசனை அறை முழுக்கப் பரவியது. தலைவர் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன், என் வீட்டுக்காரரும் பார்த்தார்.

"வீட்டு மானம் இது" என்றார் தலைவர். "துவாக் இல்லாம வந்தவங்கள உக்கார வெச்சா, அப்படியே படகத் திருப்பிடுவாங்க."

"திருப்புவாங்கன்னு எனக்குத் தெரியாதா தலைவரே? நான் கண்ணால பாத்தவ."

கடைசியில் செனாவியம்மாவே வந்தாள். புதுப் பாவாடை, கழுத்தில் மணிமாலை, முகம் மட்டும் சாம்பலாய் வெளுத்திருந்தது.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத" என்றாள்.

"மனசுல வெக்காம பரண்லயா வெக்கறது?"

"என் பொண்ணுக்காகக் கேக்கறேன்."

"எட்டு ஜாடியும் தரேன். ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேன். ஆனா வந்தவங்க எல்லாரும் பாக்க, என் கையால முதல் கோப்பை நீ குடிக்கணும். அடி வரைக்கும். நான் குடிச்சுக் காட்ட மாட்டேன்."

என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். உதறினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் பயப்பட வேண்டும். ஊரைப் பயப்பட வைத்தவள், கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறதோ என்று ஒரு நிமிஷமாவது வெலவெலத்துப் போக வேண்டும். அதை என் கண் பார்க்க வேண்டும். எட்டு வருஷமாக நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு அரிசி வேகவைத்தேன்.

"சரி" என்றாள்.

நடுப்பகலில் படகுகள் வந்தன. வெண்கலக் கோங்குத் தட்டுகள் முழங்கின. சேவலைத் தலைக்கு மேல் சுற்றி, பன்றியின் ஈரலில் சகுனம் பார்த்து, நல்லது என்று சொன்னார்கள். பொதுக்கூடத்தில் பாய் விரித்து, மூங்கில் கோழியும், புளிக்கவைத்த பன்றிக்கறியும், தேன்கூடு மாதிரி பொரித்த பலகாரமும் வரிசையாக வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை பக்கம் முதல் ஆளாக ரபாய் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

ஜாடியை நடுவில் வைத்தேன். ஒரு கோப்பை மொண்டேன். குடிக்காமல் அப்படியே செனாவியம்மாவிடம் நீட்டினேன்.

"மொதல்ல நீ குடி" என்றாள் ரபாய். குரல் கறாராக இருந்தது.

"மாட்டேன். என் பொண்ணு கல்யாணத்துல முழுக் கோப்பை குடிச்சேன், நீங்க எந்திரிச்சுப் போனீங்க. இன்னிக்கு இவங்க குடிக்கட்டும்."

கூடத்தில் கைக்குழந்தைக்காரிகள் பின்னால் நகர்ந்தார்கள். செனாவி தலைநிறைய வெள்ளிப் பூவோடு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா!"

அவள் மகளின் கையை விலக்கினாள். கோப்பையை வாங்கினாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி, கடைசிச் சொட்டு வரைக்கும். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். எல்லாரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள் போல.

"நல்லாருக்கு" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமே இல்லை அவளுக்கு. ஊரெல்லாம் என் வாசலில் நடுங்கியது, இவள் ஒருத்திக்கு மட்டும் ஒரு நாளும் நடுக்கம் இருந்ததில்லை. எப்படி இருக்கும்?

"கை நடுங்கவே இல்லையே உனக்கு" என்றேன்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் புருஷன் மெல்ல அவள் பக்கம் திரும்பினார். ரபாய் பாயில் ஊன்றி எழுந்தாள். வயதாகிவிட்டது, நேரம் எடுத்தது.

"எங்க மூத்த பையன் கல்யாணத்த நான் உன் வார்த்தைய நம்பித்தான் நிறுத்தினேன்" என்றாள் செனாவியம்மாவிடம். "மருந்துக்காரின்னு நெசமாவே நம்பினவ, அவ குடிக்காத கோப்பையை இப்படிக் குடிப்பாளா? அன்னிக்கு என்னடி கசந்துச்சு உனக்கு?"

ரபாய் மூன்று முறை கேட்டாள். தலைவர் கேட்டார். அவள் புருஷன் கேட்கவில்லை, தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், மறைக்க மாட்டேன், ஆசைப்பட்டேன். ஆனால் ரபாய் அவளைத் தாண்டி வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஊத்து" என்றாள். "கல்யாணம் நடக்கட்டும். அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?"

ஊற்றினேன். அவள் குடித்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், தலைவர் உட்பட. ஜாடிமேல் ஜாடி காலியானது. எட்டு வருஷக் கோபத்துக்கு அது போதும் என்று என் வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

பாக்கு வெட்டிக் கல்யாணச் சடங்கு முடிந்ததும் செனாவி என்னிடம் வந்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. அவள் அம்மா தூரத்தில் தூணோரமாக ஒண்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் யாரும் இல்லை.

"அத்தை, அம்மாவ மன்னிச்சிருங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன்."

நல்ல பெண்தான். தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நீ நல்லா இரும்மா. உன்மேல எனக்கு ஒண்ணுமில்ல." பிறகு தூணோரத்துக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினேன். "லுலோங் மிரிக்குப் போன அன்னிக்கு சோறு கட்டிக் குடுத்தேன். படகு போனப்புறம் பாத்தா, பொட்டலம் துறையிலயே இருந்துச்சு. பிரிக்கவே இல்ல. நான் பெத்த பொண்ணு, என் கைச் சோத்தச் சாப்பிடப் பயந்தா. அத உங்கம்மா எப்படித் திருப்பிக் குடுப்பான்னு கேட்டுட்டு வா, அப்புறம் மன்னிக்கறேன்."

செனாவி கேட்கப் போகவில்லை. நான் அடுத்த ஆளுக்கு ஊற்றினேன்.