பன்னிரண்டரை சதவீதம்

கித்துல்கலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை உதயராஜ் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தவர். பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்டால் மட்டும் அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

ரப்பர் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய் அவர் பொறுப்பில்தான். பாலில் மிதக்க விடுவார். உயர மிதந்தால் தண்ணீர் அதிகம். தொண்ணூற்றெட்டு ஜூனில் எல்லாருடைய பாலிலும் அது உயரத்தான் மிதந்தது. மற்றவர்களுக்குப் பயம் வர ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்தும்படி தோட்டத்துத் துரை சொன்னார். பால் வெட்டுகிறவர்களில் வாய் நீளமென்று பேரெடுத்த இராஜகுமாரியை உதயராஜ் காட்டிக்கொடுத்தார். வேலை போனது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் 'வத்துர ராஜகுமாரி' என்று சிங்களத்துத் தண்ணீரையும் பேரோடு ஒட்டிவிட்டார்கள்.

அவளை நிறுத்திய பிறகும் குழாய் இறங்கவில்லை. உதயராஜுக்கு உறுத்தியது. மூன்று நாள், மூன்று பேருடைய பாலை உறைய வைத்து, காயவைத்து எடை பார்த்தார். நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு ரப்பர். குழாய் காட்டியதோ இருபத்தெட்டு. முப்பத்திரண்டுக்கு நாலு குறைவு. பன்னிரண்டரை சதவீதப் பிழை. கைத்தவறென்றால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது மூன்று நாளும் குறைந்தே நின்றது. அப்படியானால் கோளாறு குழாயில்.

அது எப்படி வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். ஏப்ரலில் கழுவும்போது பைப்பில் இடித்து, உச்சிக் குமிழில் ஒரு சில்லு பறந்தது. சில்லைத் தண்ணீர் ஓடும் கானில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எடை குறைந்த குழாய் உயர மிதக்காமல் என்ன செய்யும்?

பின்னேரம் லயத்தில் அவள் வாசலுக்குப் போய்ச் சதவீதத்தை மட்டும் சொன்னார், சில்லை விட்டுவிட்டு.

இராஜகுமாரி முறத்தைக் கீழே வைத்தாள். "பன்னெண்டர போக மிச்சத்துக்கு நான் கள்ளியாங்க ஐயா?"

"அப்படி இல்ல. குழாய்லதான் பிழை."

"அப்ப இதப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?"

உதயராஜ் தம் செருப்பைப் பார்த்தார். சொல்கிறேன் என்றுதான் சொன்னார்.

மறு வாரம் புதுக் குழாய் வந்தது. வேலைக்கு ஆட்கள் திரளும் காலைப் பெரட்டில் அதைத் தூக்கிக் காட்டி, இனி அளவு சரியாக இருக்கும் என்றார். அவ்வளவுதான். இராஜகுமாரி ஓரமாக நின்று, அவர் வாய் மறுபடி திறக்குமா என்று பார்த்தாள். பேர் கூப்பிட்டு முடிந்து எல்லாரும் பால் வெட்ட மலைக்கு ஏறினார்கள்.

அன்றைக்கே லயத்தில் பேச்சு: வத்துர ராஜகுமாரி ஊற்றின தண்ணீரில் பழைய குழாயே பழுதாகிப் போனதாம்.