கரண்ட் போகாத ஊரில் ஒரு மீன்தொட்டி

வேலையிலிருந்து ஓய்வு பெறுவதில் மத்தியாசுக்கு ஒரு வருத்தமும் இல்லை. முப்பத்து மூன்று வருஷம் பவர்ஹவுசில் டர்பைன் பக்கத்தில் நின்றதில் காது பாதி போயிருந்தது, முதுகு முக்கால்வாசி போயிருந்தது. வருத்தமெல்லாம் குவார்ட்டர்ஸைப் பற்றித்தான். மார்ச்சில் வேலை முடிகிறது. ஜூன் முப்பதுக்குள் சித்திரபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு எங்கே போவது? அவருடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மண் சுமக்க மலையேறி வந்தவர். அங்கே இருந்த வீடு எப்போதோ இடிந்து, இடமும் யார் பேருக்கோ போய்விட்டது. ஒரே மகள் ஞானஜோதி ஏலப்பாறையில் எஸ்டேட் லயத்தில் இருக்கிறாள். ஒற்றை அறையில் ஆறு பேர். அங்கே ஏழாவதாகவும் எட்டாவதாகவும் போய் நிற்க அவர் மனைவி ரோசிக்கு மனசில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே, ஆறுமுகசாமி ஆள் அனுப்பினார்.

ஆறுமுகசாமி கீழே சமவெளியில் நல்லேப்பிள்ளிக்காரர். அங்கே அவருக்கு நெல்வயலும் வயலை ஒட்டி ஒரு பெரிய குளமும் இருந்தன. நிலச் சட்டம் வந்து வயல் குத்தகைக்காரர்களுக்குப் போனபோது குளமும் கூடவே போயிற்று. வயல் போனதை வக்கீலைத் திட்டித் திட்டி ஆற்றிக்கொண்டார். குளம் போனது மட்டும் ஆறவில்லை. தினமும் காலையில் கரையில் நின்று பொரி தூவி, கெண்டைகள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்த்தால்தான் மனுஷனுக்குக் காப்பி இறங்கும். இப்போது சித்திரபுரத்துக்கு மேலே ஏலத்தோட்டம் வாங்கி, மலையைச் செதுக்கிப் பங்களாவும் கட்டிவிட்டார். காப்பிதான் இறங்கவில்லை.

"ஏனுங்க மத்தியாசு, எனக்கு ஊட்டுக்குள்ள ஒரு மீன்தொட்டி வேணுமுங்க. பம்பாயில ஒரு ஓட்டல்ல பாத்தேன். சின்னதா வேண்டாமுங்க. இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும்."

மத்தியாஸ் அடி வைத்து அளந்தார். இருபத்திரண்டு அடி. வாழ்க்கையில் ஒரு ஜாடி மீன்கூட வளர்க்காதவர், ஆனால் தண்ணீரும் மோட்டாரும் எங்கே சேர்ந்தாலும் அவருக்கு அது சொந்த ஊர். சரி என்றார்.

மூன்று பக்கம் கான்கிரீட், முன்பக்கம் கண்ணாடி. கண்ணாடி கொச்சியிலிருந்து நான்கு பலகைகளாக லாரியில் வந்தது. ஒன்று கொண்டையூசி வளைவில் உடைந்து, அதற்கு மாற்று வர ஒரு மாதம் ஆயிற்று. இரும்புச் சட்டத்தில் தார் கலந்த மக்கு பூசி, தண்ணீர் கசியாதபடி கண்ணாடிகளைப் பொருத்தினார். புதுச் சிமெண்டு மீனுக்கு விஷம். அதனால் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, சாணியும் கரைத்து, இருபது நாள் ஊறவைத்துக் கொட்டினார். அப்படி மூன்று தடவை. இரண்டு மாதம் பங்களா ஹாலில் மாட்டுத் தொழுவ வாடை அடித்தது. நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள்.

தொட்டியின் பின்சுவரை ஒட்டி, மலையை வெட்டி மிஷின் ரூம். அதுதான் மத்தியாஸின் ராஜ்யம். ஒரு மோட்டார், அது சுற்றும் ஒரு நீள ஷாஃப்ட். அதிலிருந்து ஒரு பெல்ட் பம்புக்கு, இன்னொரு பெல்ட் காற்று அடிக்கும் கம்ப்ரஸருக்கு. ஜல்லி, கரி, மணல் என்று மூன்று டிரம்களில் தண்ணீர் வடிந்து தொட்டிக்குத் திரும்பும். ஆறுமுகசாமி கெண்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, மெட்ராஸிலிருந்து ஏஞ்சல் மீன்களும் வேண்டும் என்றார். அவற்றுக்கு மலைக்குளிர் ஆகாது. மத்தியாஸ் யோசித்துப் பார்த்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருப்பது போலவே வெளியே ஓர் அடுப்பு வைத்து, அதன் புகைக்குழாயை ரூமுக்குள் சுற்றவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கினார். அதில் ரூமும் கதகதவென்று ஆகிவிட்டது. துவைத்த சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மழைக்காலத்தில் அந்த ஊரில் அது சாமானியப்பட்ட விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால், ரூமுக்கு மலையை வெட்டிக்கொண்டிருந்த நாளில், ஆறுமுகசாமி ஒன்று கேட்டார்.

"கரண்ட் போனா என்னங்க பண்றது? எங்கூருப் பக்கம் மோட்டாரு வெச்சவன் பக்கத்துலயே ஒரு ஆயில் எஞ்சினும் வெச்சிருப்பானுங்க."

மத்தியாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ் இருந்தது. "மொதலாளி, கரண்ட் போறதெல்லாம் ஒங்க நல்லேப்பிள்ளியில. இங்கன கரண்ட் பொறக்கிற எடம்லா. பொறந்த வீட்லயே இல்லாமப் போயிருமா?"

ஆறுமுகசாமியும் சிரித்துவிட்டு, எஞ்சின் பேச்சை விட்டார்.

ரோசி முதலில் சோற்றுப் பாத்திரத்தோடுதான் அந்த ரூமுக்கு வந்தாள். குளிரில் அவள் முழங்கால் மடங்காது. நாற்பது வயதிலேயே படிக்கட்டைக் கண்டால் மாதாவைக் கூப்பிடுவாள். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்தாள், சோறு போட்டாள், யார் கையும் பிடிக்காமல் எழுந்தாள். எழுந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"இங்கனயே இருந்திரலாம் போலருக்கு" என்றாள்.

வாசலில் நின்றிருந்த ஆறுமுகசாமி காதில் அது விழுந்தது. "இருங்களேன். அந்த மூலையில கட்டலைப் போட்டுக்குங்க. தொட்டி ஓடற வரைக்கும் மத்தியாசு இங்கதான் வேணும். ஆயுசுக்கும் இருங்க, ஆருங்க கேக்கறது?"

மே மாதம் தொட்டி ஓட ஆரம்பித்தது. கட்டில், இரண்டு டிரங்குப்பெட்டி, மாதா படம் எல்லாம் மிஷின் ரூம் மூலைக்கு வந்தன. குவார்ட்டர்ஸ் சாவியை மத்தியாஸ் ஒரு மாதம் முன்னதாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீசில் இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். யாரும் முன்னதாகக் கொடுப்பதில்லை. அவருக்கு அதில் ஒரு பெருமை. மோட்டார் சத்தம் பாதிக் காதுக்குத் தாலாட்டாக இருந்தது. ரோசி நான்கு வாரம் முழங்காலுக்குத் தைலம் போடவில்லை.

ஜூன் பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு மோட்டார் நின்றது.

மத்தியாஸ் முதலில் பியூஸைப் பார்த்தார், பிறகு சுவிட்சை, பிறகு மறுபடியும் பியூஸை. கரண்ட் போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாட்ச்மேன் சோலை மழையில் நனைந்துகொண்டு ஜங்ஷன் வரை ஓடிப்போய் வந்து சொன்னான்: "வளைவுல பெரிய மரம் சாஞ்சு மூணு போஸ்டும் போச்சு அண்ணாச்சி. லைன்காரங்க ஏறி நிக்காங்க. சாயங்காலம் ஆயிரும்னு சொல்லுதாங்க."

அவர் ஹாலுக்கு ஓடினார். தண்ணீரில் குமிழி இல்லை. எட்டு மணிக்குள் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. பொரிக்கு வாய் பிளப்பது போலத்தான் இருந்தது, ஆனால் இது காற்றுக்கு. ஓடையிலிருந்து வரும் குழாயைத் திறந்துவிடலாம் என்றால், வருவது செம்மண் கலந்த பனித்தண்ணீர். மீனுக்குக் காற்று கிடைக்குமுன் குளிரே கொன்றுவிடும். ஆறுமுகசாமி நல்லேப்பிள்ளியில் இருந்தார். கேட்க ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

"மொண்டு ஊத்துவோம்" என்றார். "ஒசரத்துல இருந்து ஊத்துனா காத்து கலக்கும்."

ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு ஏறினார்கள். வாளியால் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. நூறு வாளி வரை மத்தியாசுக்கு அது வேலையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் தண்டனையாகத் தெரிந்தது. பதினோரு மணிக்குச் சோலையின் தோள் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து உட்கார்ந்து ஊற்றினான். ரோசி ஸ்டூலில் ஏறியவள் இறங்கவே இல்லை. இறங்கினால் மறுபடி ஏற முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நீ போய்ப் படு" என்றார் மத்தியாஸ்.

"எங்க போய்? இதுக செத்தா நாம படுக்கதுக்கு எடம் எங்க இருக்கு?"

அவர் வாளியைத் தூக்கினார். நடுவில் அடுப்பை ஒரு பார்வை, மீன்களை ஒரு பார்வை, மறுபடி வாளி. மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு முதல் ஏஞ்சல் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு அந்தக் கையாலேயே வாளியைப் பிடித்தார்.

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. பெல்ட் சடசடவென்று அடித்துக்கொண்டு ஓடியது, கண்ணாடிக்குள் குமிழி ஏறியது. நூற்று நாற்பதில் பதினோரு ஏஞ்சல்கள் போயிருந்தன. கெண்டைகள் எல்லாம் பிழைத்தன. சோலை காப்பி போட்டுக் கொண்டுவந்தான். கட்டிலில் உட்கார்ந்த மத்தியாசுக்கு டம்ளரை வாய்வரை தூக்கக் கை வரவில்லை. ரோசி பிடித்துக்கொடுத்தாள். அதிலும் பாதி காப்பி சட்டையில் போயிற்று. இருந்தாலும் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். வீடு போகவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆறுமுகசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். நேரே ஹாலுக்குப் போய்ப் பொரி தூவினார். கெண்டைகள் வந்தன. மத்தியாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க மனுசனில்லீங்க, தெய்வமுங்க" என்றார். பிடித்த பிடியில் தோள் வரை வலித்தது. பிறகு மிஷின் ரூமுக்கு வந்து மோட்டாரைத் தடவிப் பார்த்தார்.

"சொல்லுங்க மத்தியாசு. இனி இப்படி ஆகுமுங்களா?"

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். சாய வேண்டிய மரம் சாய்ந்துவிட்டது, இனி பத்து வருஷத்துக்குப் பயமில்லை என்று சொன்னால் ஆறுமுகசாமி நம்பிவிடுவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மிஷின் விஷயத்தில் பொய் சொல்லி அந்த வாய்க்குப் பழக்கமில்லை. அதோடு, அடுத்த மாதமே இன்னொரு மரம் சாய்ந்தால் அவருக்கும் ரோசிக்கும் இன்னொரு நாள் வாளி தூக்கத் தெம்பில்லை.

"ஆகும் மொதலாளி. ஒரு ஆயில் எஞ்சின் போடணும். மோட்டார் நின்னா அதே ஷாஃப்டுக்கு பெல்ட்டை மாத்திரலாம்."

"நான் அன்னைக்கே கேட்டனுங்களே. நீங்கதான் சிரிச்சீங்க." குற்றமாகச் சொல்லவில்லை, ஞாபகமாகச் சொன்னார். "உடனே வாங்கிப்போடலாமுங்க. எங்க வெக்கிறது?"

மத்தியாஸ் ரூமைப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. இந்தப் பக்கம் டிரம்கள், அந்தப் பக்கம் புகைக்குழாய், பின்னால் பாறை. வெளியே வைத்தால் பெல்ட் எட்டாது. ஷாஃப்டுக்கு நேராக, கதவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரே ஒரு இடம்தான் காலி. காலி என்றா சொல்வது? கட்டில் கிடந்தது. அன்றைக்கே எஞ்சினுக்கு இடம் விட்டிருந்தால் மலையை இன்னும் ஐந்தடி வெட்டியிருப்பார்கள்; ஆளும் இருந்தது, கடப்பாரையும் இருந்தது. அந்த ஐந்தடியைத்தான் அவர் சிரித்துத் தள்ளியிருந்தார்.

விரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

ஆறுமுகசாமி கட்டிலைப் பார்த்தார், மாதா படத்தைப் பார்த்தார். அவர் முகமும் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. "மழை நிக்கட்டுமுங்க. பக்கத்துல ஒரு சாய்ப்பு ரூமு எறக்கித் தந்தர்றேன். அதுவரைக்கும் நீங்க சோலைகூட கேட் ரூமுல படுத்துக்குங்க" என்றார். மழை நிற்க நவம்பர் ஆகும். கேட் ரூமில் ஒரு ஆள் கால் நீட்டலாம், இரண்டாவது ஆள் குந்தி உட்காரலாம். ரோசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, தோன்றவில்லை.

அவர் போனபிறகு மத்தியாஸ் டேப்பும் சாக்பீஸும் எடுத்தார். ரோசி கேட்காமலேயே டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

"எஞ்சினை ஒரு அடி அந்தாண்ட தள்ள முடியாதா? கட்டிலைக் குறுக்காப் போட்டா?" என்றாள்.

முடியாது என்று தெரிந்தும் அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் தடவையும் அளந்தார். பெல்ட் நேராக ஓட வேண்டும். அதற்கு ஒரு அங்குலம்கூடத் தள்ள வழியில்லை.

"சொல்லாம இருந்திருக்கலாம், ரோசி."

"எப்படி இருப்பிய? ஒங்களுக்கு வராதே." அவள் மாதா படத்தைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "எல்லாஞ் சரியாத்தான் செஞ்சிய. அதான் வலிக்கு. எஞ்சின் என்னைக்கு வருது?"

"வியாழக்கிழம."

"அப்ப நான் புதன் பஸ்ல ஏலப்பாறைக்குப் போயிருதேன். நான் ஏழாவதா நெருக்கிக்கிடுவேன். நீங்க எட்டாவதா வர வேண்டாம். மீனைப் பாக்க ஆள் வேணும்லா."

அவருக்கு அழ வேண்டும் போலிருந்தது. அழக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. கட்டிலின் தலைமாட்டை அவர் பிடித்தார், கால்மாட்டை அவள் பிடித்தாள். தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் மண்டியிட்டு, எஞ்சினுக்கு நான்கடிக்கு இரண்டரை அடி என்று கோடு போட்டார்.