அன்பியத்துக்கு வந்த பள்ளையாடுகள்

புஷ்பமேரி டீச்சர் மே மாதக் கடைசியில் பணி ஓய்வு பெற்றார். ஜூன் பத்தாம் தேதிக்குள் அவருடைய கணவர் சார்லஸுக்கு ஒன்று புரிந்துவிட்டது. டீச்சருக்கு மிச்சமிருக்கும் ஒரே மாணவன் தாம்தான்.

முப்பத்தொரு வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அறுநூறு பிள்ளைகளை ஒரே விசிலில் வரிசையில் நிறுத்தியவர். அந்த விசிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காலை ஐந்தரைக்கு ஒரு தடவை ஊதினால் சார்லஸ் எழுந்திருக்க வேண்டும். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டால் இரண்டு தடவை. சாப்பிடும்போது கூனிக்கொண்டு உட்கார்ந்தால் விசில் இல்லை, ஒரு பார்வைதான். அது விசிலைவிட மோசம்.

சார்லஸ் தபால் ஆபீஸில் எழுத்தராக இருந்து மூன்று வருடங்களுக்கு முன்பே ஓய்வு பெற்றவர். மரியநாதபுரத்து வீட்டு மொட்டைமாடியில் நாற்பது தொட்டிகளில் ரோஜா வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். பொறுக்கமுடியாமல், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அனிஷாவிடம் போனில் அழாத குறையாகச் சொன்னார்.

"அம்மாவுக்கு மேய்க்கிறதுக்கு ஏதாச்சும் வேணும்ப்பா" என்று அவள் சிரித்தாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தாடிக்கொம்பு பக்கம் ஒரு தோட்டத்தில் பள்ளையாடு வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். குட்டைக் கால், கொழுகொழு உடம்பு, வளர்ந்தாலும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். அன்று சாயங்காலமே மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"புஷ்பா, ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி வளப்பமா?"

"நாய் வேண்டாமா?"

"நாய்தான் சொன்ன பேச்சக் கேக்குமே. உனக்கு அதுல என்ன வேலை இருக்கு?"

"ஆடும் கேக்கும். நான் சொன்னா கேக்கும்" என்றார் புஷ்பமேரி.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் தங்கள் சின்னக் காரில் தாடிக்கொம்புக்குக் கிளம்பினார்கள். தோட்டத்துக்காரர் குருசாமி வெளியே போயிருந்தார். அவர் மனைவி அழகம்மாள் பட்டியைத் திறந்துவிட்டபடியே கேட்டாள்.

"கறிக்கா, வளப்புக்கா?"

"வளக்கத்தான்" என்றார் புஷ்பமேரி.

"டவுன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. எத்தன வேணும்?"

"ஒண்ணு போதும்."

அழகம்மாள் பட்டியை மறுபடி சாத்தினாள். "ஒத்தையாத் தர மாட்டேன் டீச்சரம்மா. கத்திக் கத்தியே தொண்ட வத்திரும். கொண்டுபோனா ரெண்டாக் கொண்டுபோங்க. இல்லாட்டி மோர் குடிச்சுட்டுக் கிளம்புங்க."

புஷ்பமேரியிடம் இப்படிப் பேசியவர்கள் குறைவு. சார்லஸ் உள்ளுக்குள் மகிழ்ந்துபோய் மோரைக் குடித்தார். டீச்சரோ பட்டிக்குள் பார்த்தார். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெட்டைக்குட்டிகள், ஐந்து மாதம் இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறி வேலிக்கு மேலே தலையை நீட்டின. ஒன்று செம்மி, செம்மண் நிறம். இன்னொன்று கறுப்பு, நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல ஒரு வெள்ளை. செம்மி டீச்சரின் கைப்பையைப் பிடித்து இழுத்தது.

"விடு" என்றார் டீச்சர், பள்ளிக்கூடக் குரலில்.

அது விடவில்லை.

"ரெண்டையும் குடுங்க" என்றார்.

ஒரு கட்டு அகத்திக்கீரையும் கொடுத்து, "மொத நாளு புதுத் தீனி எதுவும் போட்றாதீக, வயிறு போயிரும்" என்று சொல்லி அனுப்பினாள் அழகம்மாள். பின்சீட்டில் சாக்கு விரித்து ஏற்றினார்கள். தோட்டத்து மண்பாதை தாண்டுவதற்குள் செம்மி முன்சீட்டுக்கு வந்து டீச்சர் மடியில் நின்றுகொண்டது. கறுப்பி பின்னாலிருந்து சார்லஸின் காதை முகர்ந்து, பிறகு சுவைத்தும் பார்த்தது.

"புஷ்பா, காதக் கடிக்குது!"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பெட்ரோல் போட நிறுத்தியபோது, பங்க்கில் இருந்தவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். "எந்த பிரியாணிக் கடைக்கு சார்?" என்று கேட்டார். சார்லஸ் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. செம்மியின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குட்டிகளுக்கு லட்டு, பூந்தி என்று பெயர் வைத்தார்கள். செம்மி லட்டு, கறுப்பி பூந்தி. காம்பவுண்டுக்குள் இறக்கிவிட்டு, டீச்சர் இடுப்பில் கை வைத்து நின்று விசிலை ஊதினார். இரண்டும் ஒரு கணம் ஆடாமல் நின்றன. டீச்சர் பெருமையாகக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்துக்குள் இரண்டும் மாடிப்படி ஏறிவிட்டன.

சார்லஸ் மேலே போய்ச் சேர்ந்தபோது பன்னீர் ரோஜாத் தொட்டிகள் ஆறு மொட்டையாக நின்றன. பூ, மொட்டு, இலை, கொழுந்து எதுவும் மிச்சமில்லை, முள்ளையும் விடவில்லை. லட்டு ஏழாவது தொட்டிக்குள் ஏறி நின்று மென்றுகொண்டிருந்தது. பூந்தி, இந்த விஷயத்தில் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல மலைக்கோட்டை இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் வாயோரம் ஒரு சிவப்பு இதழ் ஒட்டியிருந்தது.

"நாளைக்கே கொண்டுபோய் விட்டுறணும்! ரெண்டையும்!" என்று சார்லஸ் கத்தினார். மூன்று வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. டீச்சர் இரண்டையும் கீழே இறக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கத்துக் கொய்யா மரத்தில் கட்டினார்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. இந்த வாரம் அன்பியம் இவர்கள் வீட்டில். தெருவில் உள்ள பங்குக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். அன்பியத்துக்குத் தலைவர் மரக்கடை ராயப்பராஜ். நேரம் தவறாதவர். ஜெபத்தின் நடுவே யாராவது இருமினால்கூடக் கண்ணைத் திறந்து பார்ப்பவர். பதினைந்து பேர் ஹாலில் பாயில் உட்கார்ந்தார்கள். டீச்சர் அவசரமாக மாதா சொரூபத்துக்குச் சம்பங்கி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

ராயப்பராஜ் ஒவ்வொரு மந்திரத்தின் முதல் பாதியையும் சொல்ல, எல்லாரும் மறுபாதியைச் சொன்னார்கள். சொல்லி முடித்த இடைவெளியில் பின்பக்கத்திலிருந்து, "ம்மே" என்று ஒரு குரல் வந்தது. யாரும் அசையவில்லை. இரண்டாவது தடவையும் அதே இடத்தில், "ம்மே." மூன்றாவதற்கு இரண்டு குரல்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வாயைப் பொத்தினாள். அவள் அம்மா அவளைக் கிள்ளிவிட்டுத் தானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராயப்பராஜ் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆனால் யாரைப் பார்ப்பது?

ஜெபமாலையில் இரண்டாவது பத்து மணி முடியும்போது சத்தம் நின்றது. டீச்சருக்கு நிம்மதியாக இல்லை. பிள்ளைகள் திடீரென்று அமைதியானால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் கயிற்றைத் தின்று முடித்த இரண்டும் அடுப்படி வழியாக ஹாலுக்குள் வந்துவிட்டன.

லட்டு நேராக மாதாவிடம் போய், முன்னங்காலை மேஜையில் வைத்து, சம்பங்கி மாலையை ஒரு முனையிலிருந்து தின்னத் தொடங்கியது. டீச்சர் பாய்ந்து சொரூபத்தைப் பிடித்துக்கொண்டார். பூந்தி கூட்டத்தை ஒவ்வொருவராக முகர்ந்துகொண்டே வந்து, ராயப்பராஜின் சம்மணமிட்ட மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துவிட்டது.

ஹாலே குலுங்கியது. பாயில் சாய்ந்து சிரித்தவர்களும் உண்டு. ராயப்பராஜ் மட்டும் சிரிக்கவில்லை. குட்டியின் முதுகைக் கையால் அளந்து பார்த்தார்.

"நல்ல ஜாதி. செப்டம்பர்ல மாதா திருவிழா விருந்துக்கு ஆகும். ஒண்ணு எட்டுக் கிலோ தேறும், என்ன டீச்சர்?"

டீச்சர் வாயைத் திறப்பதற்கு முன்னால் சார்லஸ் எழுந்து நின்றார்.

"அது கறிக்கு இல்லண்ணே."

"பின்ன எதுக்கு சார்லஸ்? பாலுக்கா?"

"இல்ல."

"குட்டி போட வச்சு விக்கவா?"

"அதுக்கும் இல்ல."

"பின்ன எதுக்குய்யா?"

சார்லஸ் யோசித்தார். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. "சும்மாண்ணே" என்றார்.

"சும்மாவா?"

"ஆமா. நாங்களும் சும்மாதான இருக்கோம். அதுகளும் எங்களோட சும்மா இருக்கட்டும். உங்க மடியில தூங்குற புள்ளைய எட, கிலோன்னு பேசாதீங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். டீச்சர் இன்னும் நன்றாகப் பார்த்தார். ராயப்பராஜ் மடியைக் குனிந்து பார்த்தார். பூந்தி வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அவர் தொண்டையைச் செருமி, குரலைத் தாழ்த்தி, "மூணாவது பத்து" என்றார். மீதி ஜெபம் முழுவதையும் கால் மரத்துப்போக, அசையாமல், அந்தத் தாழ்ந்த குரலிலேயே சொல்லி முடித்தார். போகும்போது வாசலில் நின்று கேட்டார்.

"அடுத்த வாரம் என் வீடு. செத்த நேரம் இவுகளையும் கூட்டிட்டு வாங்களேன். பேத்தி பாக்கணும்பா."

எல்லாரும் போனபின் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அழகம்மாள்.

"குட்டிக தின்னுச்சா டீச்சரம்மா?"

"எல்லாத்தையும் தின்னுச்சு."

"கத்துதுகளா? இங்க தாயாடு மத்தியானத்துல இருந்து கத்திக்கிட்டே கெடக்கு. செத்த போன அதுக காதுல வைங்களேன், இது சத்தத்தக் கேக்கட்டும்."

டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தரையில் வைத்தார். தாடிக்கொம்பிலிருந்து கனத்த குரலில் ஒரு நீண்ட அழைப்பு வந்தது. லட்டு துள்ளி எழுந்தது. பூந்தி ஓடிவந்து போனைச் சுற்றிச் சுற்றித் தேடியது. மூக்கால் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியிலும் பார்த்தது. இரண்டும் சேர்ந்து பதில் கத்தின. அங்கிருந்து மறுபடி அழைப்பு வந்தது. இப்போது அது கொஞ்சம் சாந்தமாக இருந்தது.

சார்லஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதுகு கூனியிருந்தது. டீச்சர் அந்தப் பார்வை பார்க்காமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தாயாட்டையும் கேட்டு வாங்கிருவமா?" என்றார் சார்லஸ்.

"முதல்ல மாடிக்கு ஒரு கதவு போடுங்க" என்றார் டீச்சர். போனை எடுத்து, "அழகம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டார்.